உறங்க மறந்த ஊர்தி

நுழையும்முன்

விழித்திருப்பது கடமை, உரிய நேரத்தில் உறங்குவதும் கடமையே. மனிதருக்கும் விலங்குக்கும் பொருந்தும் இவ்விதி, இன்று மனிதன் படைத்த கருவிகளுக்கும் பொருந்துகிறது. கைப்பேசி முதல் கோள்களில் உலவும் ஊர்திவரை, மின்கலத்தை நம்பி வாழும் ஒவ்வொரு கருவியும் எப்போது விழிப்பது, எப்போது உறங்குவது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதனைக் கற்பிப்பது மென்பொருள். அக்கற்பித்தலில் நேரும் ஒரு சிறு பிழை, கருவியின் உயிரையே பறித்துவிடக்கூடும். அத்தகைய பிழைகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றை அறிவியலாளர் எவ்வாறு கண்டறிந்து களைகின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

செவ்வாயில் ஓர் இரவு

2004ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ‘ஸ்பிரிட்’ என்னும் ஊர்தி, செவ்வாய்க் கோளின் குசேவ் பள்ளத்தில் தரையிறங்கியது. ஆறு சக்கரங்களும் சூரியத் தகடுகளும் கொண்ட அவ்வூர்தி, ஏழு திங்கள் விண்வெளியில் பயணம் செய்து அங்குச் சென்று சேர்ந்திருந்தது. ‘ஸ்பிரிட்’, அதன் இரட்டையான ‘ஆப்பர்ச்சூனிட்டி’ ஆகிய இரண்டு ஊர்திகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 82 கோடி அமெரிக்க டாலர் செலவிடப்பட்டிருந்தது. செவ்வாயின் நாள் கணக்கில் 90 நாள்கள் அது பணிபுரிய வேண்டும் என்பது திட்டம்.

முதல் இரண்டு வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஜனவரி 21ஆம் நாள், அது தரையிறங்கிய 18ஆம் செவ்வாய் நாளில், ஊர்தியிலிருந்து வரவேண்டிய தகவல்கள் நின்றுபோயின. கலிபோர்னியாவின் பாசடேனாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் பொறியாளர்கள் கட்டளை மேல் கட்டளை அனுப்பினர். மறுமொழியாக வந்தவை வெறும் ஒலிக்குறிகளே. இரண்டு நாள்களுக்குப் பின்னர், மிகக் குறைந்த வேகத்தில் சில தகவல்கள் கிடைத்தன. அவற்றைப் படித்தவர்கள் திகைத்தனர். ஊர்தியின் கணினி 60 முறைக்கு மேல் தானே அணைந்து, தானே மீண்டும் தொடங்கியிருந்தது. அதைவிட அச்சமூட்டிய செய்தி, இரவில் உறங்கவேண்டிய ஊர்தி விழித்துக்கொண்டிருந்தது என்பதே.

செவ்வாயில் இரவின் குளிர் சுழியத்துக்குக் கீழே 90 பாகை செல்சியசை எட்டும். பகலில் சூரியத் தகடுகள் தரும் மின்னாற்றலை மின்கலங்களில் சேமித்து, அதனைக் கொண்டே ஊர்தி இரவைக் கடக்க வேண்டும். இரவு முழுவதும் கணினி விழித்திருந்தால் மின்கலம் வறண்டுபோகும். வறண்ட மின்கலம் கடுங்குளிரில் கருவிகளை வெதுவெதுப்பாக வைத்திருக்காது. ஆகவே, ‘உறங்கு’ என்று பொறியாளர்கள் ஆணையிட்டனர். ஊர்தி உறங்கவில்லை. அடுத்த முறை தொடர்புகொண்டபோதும் அது விழித்தே இருந்தது.

பழுதைத் தொட்டுப் பார்க்க அங்கு எவருமில்லை. பூமியிலிருந்து செல்லும் ஒரு சொல் அங்குச் சேர ஏறத்தாழ பத்து நிமிடங்கள் ஆகும். கையில் இருந்தவை சில துண்டுத் தகவல்களும் மின்கலத்தில் எஞ்சியிருந்த சிறிதளவு ஆற்றலுமே. இந்நிலையில் அவ்வூர்தி எவ்வாறு காப்பாற்றப்பட்டது என்பதை அறியும்முன், கருவிகள் உறங்கும் முறையை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

கருவிக்குள் ஒரு கணினி

மேசையின்மேல் வைத்துப் பயன்படுத்துவது மட்டுமே கணினி அன்று. துணி துவைக்கும் இயந்திரம், மின்னளவி, மருத்துவமனையின் மருந்தேற்றும் கருவி, மகிழுந்தின் தடைக்கருவி, கைக்கடிகாரம் ஆகிய அனைத்தினுள்ளும் சிறு கணினிகள் பொதிந்துள்ளன. ஒரு குறிப்பிட்ட பணிக்காகவே கருவியினுள் வைக்கப்படும் இத்தகைய கணினியை உட்பொதி அமைப்பு என்பர்.

உட்பொதி அமைப்பின் நடுவே செயலி இருக்கிறது. அதனைச் சுற்றி உணரிகள், நினைவகம், வானொலி, திரை முதலிய பல உறுப்புகள் அமைந்துள்ளன. இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி இயல்பு உடையது. வெப்ப உணரியிடம் பேசும் முறை வேறு. வானொலியிடம் பேசும் முறை வேறு. செயலிக்கும் ஓர் உறுப்புக்கும் இடையே நின்று, இருவருக்கும் புரியும் வகையில் பேச்சை நடத்திவைக்கும் மென்பொருளே சாதன இயக்கி எனப்படுகிறது. உறுப்பை எழுப்புவதும் அதனிடம் வேலை வாங்குவதும் வேலை முடிந்ததும் அதனை உறங்கச் செய்வதும் இவ்வியக்கியின் பொறுப்புகள்.

உறக்கத்தின் கணக்கு

உறக்கம் ஏன் வேண்டும் என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, மணிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் மின்கலத்தின் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர்-மணி. கருவி விழித்திருக்கும்போது 20 மில்லி ஆம்பியரும் உறங்கும்போது 0.02 மில்லி ஆம்பியரும் மின்னோட்டம் எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம்.

கருவி எப்போதும் விழித்தே இருந்தால், 2000ஐ 20ஆல் வகுக்க, 100 மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். அஃதாவது நான்கு நாள்களுக்குச் சற்றே மிகுதி. மாறாக, மணிக்குப் பத்து நொடிகள் மட்டுமே விழித்து, எஞ்சிய நேரமெல்லாம் உறங்கினால், சராசரி மின்னோட்டம் ஏறத்தாழ 0.076 மில்லி ஆம்பியராகக் குறைகிறது. அப்போது அதே மின்கலம், தானே வலுவிழக்கும் அளவை நீக்கிப் பார்த்தால், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைக்கும்.

இப்போது ஒரு பிழையைச் சேர்த்துப் பார்ப்போம். கருவி உறங்குகிறது, செயலியும் உறங்குகிறது. ஆயினும் ஓர் உணரி மட்டும் அணைக்கப்படாமல் 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. மூன்றாண்டுகள் உழைக்கவேண்டிய மின்கலம் எழுபத்தேழு நாள்களில் தீர்ந்துவிடும். ‘சிறு துளி பெருவெள்ளம்’ என்னும் பழமொழி சேமிப்புக்கு மட்டுமன்று, கசிவுக்கும் பொருந்துவதே.

இப்பிழையின் கொடுமை அது மறைந்திருப்பதில்தான் உள்ளது. ஆய்வகத்தின் மேசையில் கருவி பிழையின்றி அளக்கும், செய்தியும் அனுப்பும். சோதித்தவர் நிறைவுடன் கையொப்பமிடுவார். மழைக்காலத்திற்கு முன்னர் ஆற்றங்கரையில் பொருத்தப்பட்ட கருவி, வெள்ளம் வரும் இரவில் ஊமையாகிக் கிடக்கும். கருவி தவறான விடை தந்தால் பார்ப்பவர் ஐயுறுவர். ஆற்றலை வீணாக்கும் கருவியோ சரியான விடையைத் தந்துகொண்டே அழிந்துபோகிறது.

கூழாங்கல்லும் பெட்டியும்

ஓர் உறுப்பைப் பலர் பயன்படுத்தும்போது, அதனை எப்போது அணைப்பது என்பதை யார் முடிவு செய்வது? இவ்வினாவிற்கான விடையை ஒரு படிப்பறையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

படிப்பறை ஒன்றின் வாயிலில் ஒரு பெட்டி வைக்கப்பட்டுள்ளது. உள்ளே நுழைபவர் ஒரு கூழாங்கல்லைப் பெட்டியில் இட வேண்டும். வெளியேறுபவர் ஒரு கல்லை எடுத்துவிட வேண்டும். முதல் கல் விழும்போது விளக்கு ஏற்றப்படும். பெட்டி காலியாகும்போது விளக்கு அணைக்கப்படும். உள்ளே எத்தனை பேர் உள்ளனர், அவர்கள் யார் என்பதைக் காவலர் அறிய வேண்டியதில்லை. கல் உண்டா, இல்லையா என்பதே போதுமானது.

சாதன இயக்கிகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. பெட்டியில் உள்ள கற்களின் எண்ணிக்கையைப் பயன்பாட்டு எண்ணி என்பர். உறுப்பு தேவைப்படும்போது எண்ணியை ஒன்று கூட்ட வேண்டும். தேவை முடிந்ததும் ஒன்று குறைக்க வேண்டும். எண்ணி சுழியமாகும்போது உறுப்பு உறங்கலாம். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடி உருவாக்கிவரும் திறந்த மூல இயங்குதளமான லினக்சில், கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே தனித்தனி உறுப்புகளை உறங்கவைக்கும் இவ்வமைப்பு, 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான 2.6.32 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

இம்முறை எளியது. எனினும் இதில் ஒரு பொறி மறைந்திருந்தது. படிப்பறைக்கு ஒருவர் வருகிறார். கல்லைப் பெட்டியில் இடுகிறார். ஆனால் விளக்கு பழுதடைந்திருப்பதால் எரியவில்லை. ‘படிக்க இயலாது’ எனத் திரும்பிச் சென்றுவிடுகிறார். தாம் அறையினுள் நுழையவே இல்லை என்பது அவர் எண்ணம். ஆனால் அவர் இட்ட கல் பெட்டியிலேயே கிடக்கிறது. பின்னர் விளக்கு சரிசெய்யப்படுகிறது. பலர் வருகின்றனர், செல்கின்றனர். எல்லோரும் சென்ற பின்னரும் பெட்டியில் ஒரு கல் எஞ்சியிருக்கிறது. யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

லினக்சு இயக்கிகளில் நேர்ந்ததும் இதுவே. உறுப்பை எழுப்பும் செயற்கூறு, முதலில் எண்ணியைக் கூட்டிவிட்டுப் பின்னர் எழுப்ப முயன்றது. எழுப்புதல் தோற்றால் பிழைச்செய்தியைத் திருப்பித் தந்தது. ஆயினும் கூட்டிய எண்ணியைக் குறைக்கவில்லை. எழுப்புதல் வென்றாலும் தோற்றாலும், எண்ணியைக் குறைப்பது அழைத்தவரின் கடமை என்பதே அச்செயற்கூற்றின் விதி. இயக்கிகளை எழுதிய பலரோ, ‘தோற்றுவிட்டதெனில் எதுவும் மாறவில்லை’ என்று இயல்பாகக் கருதினர். பிழைச்செய்தி வந்ததும் அப்படியே திரும்பிவிட்டனர். ஒரே தவறு பல இயக்கிகளில் திரும்பத் திரும்ப நேர்ந்தது.

தவறு செய்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். இயல்பான எண்ணத்திற்கு மாறாக விதி அமைந்திருந்ததே காரணம். எனவே, ஒவ்வோர் இயக்கியிலும் விடுபட்ட வரியைச் சேர்த்ததோடு பணி நிற்கவில்லை. 2020ஆம் ஆண்டு வெளியான 5.10 பதிப்பில், எழுப்புதல் தோற்றால் தானே எண்ணியைக் குறைத்துவிடும் புதிய செயற்கூறு ஒன்று சேர்க்கப்பட்டது. திரும்பிச் செல்பவரின் கல்லைக் காவலரே எடுத்துவிடும் ஏற்பாடு அது. ‘கவனமாக இருங்கள்’ என்று பலருக்கு அறிவுரை கூறுவதைக் காட்டிலும், தவறு நேரவியலாதவாறு பாதையை அமைப்பது மேலானது என்பதற்கு இது நல்ல சான்று.

பிழையின் பல முகங்கள்

உறங்காமல் இருப்பது ஒருவகைப் பிழை. அதற்கு நேர்மாறான பிழைகளும் உண்டு.

1. முந்திய உறக்கம்: ஒருவர் ஒரு கல்லுக்குப் பதிலாக இரண்டு கற்களை எடுத்துவிட்டால், உள்ளே ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். உறங்கும் உறுப்பிடம் செயலி பேச முற்பட்டால், சில அமைப்புகளில் கருவி முழுவதுமே உறைந்து நின்றுவிடுகிறது. ஆகவே, எண்ணியைக் குறைக்க மறந்த பிழையைத் திருத்துபவர், தவறான இடத்தில் கூடுதலாகக் குறைத்துவிட்டால், பழைய பிழையினும் கொடிய பிழையை விதைத்தவர் ஆகிறார்.

2. மறதி: ஆழ்ந்த உறக்கத்தில் மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்படும்போது, உறுப்பின் பதிவகங்களில் இருந்த அமைப்புகள் அழிந்துபோகும். உறங்கும்முன் அவற்றைச் சேமித்து, விழித்தபின் மீண்டும் எழுதுவது இயக்கியின் கடமை. அதில் ஒன்று விடுபட்டாலும், விழித்த உறுப்பு தன்னை மறந்த நிலையில் நடந்துகொள்ளும்.

3. வரிசை பிறழ்தல்: உணரி ஒன்று, ஒரு தடத்தின் வழியாகச் செயலியோடு இணைந்துள்ளது. தடம் முதலில் உறங்கிவிட்டால், உணரியிடம் ‘நீ உறங்கு’ என்று சொல்லவும் வழியிராது. ஆகவே, உறங்கும்போது கிளை முதலிலும் தண்டு பின்னரும் உறங்க வேண்டும். விழிக்கும்போது தண்டு முதலிலும் கிளை பின்னரும் விழிக்க வேண்டும்.

4. தவறிய அழைப்பு: கருவி உறங்கத் தொடங்கிய அக்கணத்திலேயே ஒரு செய்தி வந்து சேரலாம். கதவைச் சாத்தும் நேரத்தில் வந்த விருந்தினரைப் போல, அச்செய்தி கவனிக்கப்படாமல் போய்விடும். ஆயிரம் முறை உறங்கி எழும்போது ஒருமுறை மட்டுமே நேரக்கூடிய இப்பிழையைக் கண்டறிதல் மிகவும் கடினம்.

தேடும் நெறி

மின் மேலாண்மைப் பிழையைத் தேடுவதில் முதற்படி அளத்தல் ஆகும். மின்கலத்திற்கும் கருவிக்கும் இடையே நுண்ணிய மின்னோட்டமானியை இணைத்து, உறக்கத்தில் எவ்வளவு மின்னோட்டம் செல்கிறது என்று பார்க்க வேண்டும். எதிர்பார்த்த அளவுக்கும் கண்ட அளவுக்கும் உள்ள வேறுபாடே பிழையின் முதல் தடயம். வேறுபாட்டின் அளவுகூட ஒரு செய்தியைச் சொல்லும். உணரி ஒன்று விழிப்பில் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்திற்கு அவ்வேறுபாடு சமமாயின், ஐயம் அவ்வுணரியின்மீது செல்லும்.

இரண்டாம் படி பிழையை மீண்டும் நிகழச் செய்தல். எப்போதோ ஒருமுறை நேரும் பிழையைக் காண, கருவியை நூற்றுக்கணக்கான முறை உறங்கவும் விழிக்கவும் செய்ய வேண்டும். எழுப்புதல் தோற்கும் வழியையும் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். எல்லாம் நன்றாக நடக்கும் வழியை அனைவரும் சோதிப்பர்; தோல்வியின் வழியைச் சோதிப்பவர் சிலரே. பிழைகள் பெரும்பாலும் அவ்வழியிலேயே குடியிருக்கின்றன.

மூன்றாம் படி பிரித்தறிதல். உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி அளக்க வேண்டும். முன்பு நன்றாக இயங்கிய பதிப்பு ஒன்று இருப்பின், அதற்கும் இன்றைய பதிப்புக்கும் இடையே உள்ள மாற்றங்களை இரண்டாகப் பகுத்து, பாதியில் நிறுத்திச் சோதிக்கலாம். இவ்வாறு பகுத்துக்கொண்டே சென்றால், ஆயிரம் மாற்றங்களுள் பிழைக்குக் காரணமான ஒன்றைப் பத்துச் சோதனைகளில் கண்டுவிடலாம்.

நான்காம் படி திருத்துதல். அறிகுறியை மறைப்பது திருத்தம் ஆகாது. உறங்காத கருவியைக் குறிப்பிட்ட நேரத்திற்கொருமுறை வலிந்து அணைத்துவிட்டால் மின்கலம் பிழைக்கலாம். பிழை பிழைத்தே இருக்கும். காரணத்தைக் கண்டு திருத்திய பின்னர், மீண்டும் அளந்து, எண் பழைய நிலைக்கு வந்ததா என்று உறுதிசெய்வதே ஐந்தாம் படி.

ஊர்தி உறங்கியது

செவ்வாயில் தவித்த ‘ஸ்பிரிட்’ ஊர்திக்குத் திரும்புவோம். மின்னோட்டமானியை இணைக்க இயலாத தொலைவில் அது இருந்தது. எனினும் பொறியாளர்கள் பின்பற்றியது மேற்கூறிய நெறியையே.

கணினி தொடங்குகிறது, சிறிது நேரத்தில் வீழ்கிறது, மீண்டும் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது அது தவறாமல் செய்யும் செயல் எது? மின்சாரம் இல்லாதபோதும் தகவலைக் காக்கும் அழியா நினைவகத்தைத் திறந்து, அதில் உள்ள கோப்புகளின் பட்டியலைப் படிப்பதே அச்செயல். ஐயம் அந்நினைவகத்தின்மீது விழுந்தது. அதனை உறுதிசெய்ய ஒரே வழி பிரித்தறிதல்.

ஜனவரி 24ஆம் நாள், ‘அழியா நினைவகத்தைத் தொடாமல், தற்காலிக நினைவகத்தை மட்டுமே கொண்டு தொடங்குக’ என்னும் கட்டளை அனுப்பப்பட்டது. இப்படியும் ஒரு நாள் தேவைப்படலாம் என முன்னரே எண்ணி வடிவமைத்து வைத்திருந்த வழி அது. ஊர்தி தொடங்கியது, வீழவில்லை. உறங்குமாறு கூறியபோது உறங்கியது.

பின்னர்க் காரணம் முழுமையாக விளங்கியது. ஏழு திங்கள் பயணத்திலும் தரையிறங்கிய பின்னரும் உருவான ஆயிரக்கணக்கான கோப்புகள் 256 மெகாபைட் அழியா நினைவகத்தில் சேர்ந்திருந்தன. அக்கோப்புகளின் பட்டியலைக் கணினி தற்காலிக நினைவகத்திலும் ஒரு படியாக வைத்துக்கொள்ளும். கோப்பை நீக்கினாலும் பட்டியலில் அதற்கு ஒதுக்கிய இடம் சுருங்குவதில்லை. நாளடைவில் பட்டியல் வளர்ந்து, தனக்கு ஒதுக்கப்பட்ட இடம் முழுவதையும் விழுங்கிவிட்டது. இடம் கிடைக்காத நிரல் நின்றது. நின்றதைக் கண்ட காப்பு ஏற்பாடு கணினியை மீண்டும் தொடங்கியது. தொடங்கியதும் அதே பட்டியல் மீண்டும் படிக்கப்பட்டது. முறையாக உறங்குவதற்கான செயலும் அதே கோப்பு முறைமையைச் சார்ந்திருந்ததால், ஊர்திக்கு உறக்கமும் வாய்க்கவில்லை.

ஊர்தியை உறங்கவிடாத பிழை, உறக்கத்தை நடத்தும் நிரலில் இல்லை. அதற்குத் தொலைவில், கோப்புகளின் பட்டியலில் இருந்தது. கூழாங்கல் எஞ்சிய பெட்டியும் சுருங்காத பட்டியலும் ஓர் உண்மையையே கூறுகின்றன: எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தராத நிரல், உடனே வீழ்வதில்லை, நாள்பட வீழ்கிறது. நிலத்தில் நடத்திய சோதனைகள், இத்தனை கோப்புகள் சேரும் அளவிற்கு நீண்டவையாக இல்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில் அழியா நினைவகம் துடைத்துப் புதிதாக வடிவமைக்கப்பட்டது. ‘ஸ்பிரிட்’ மீண்டும் முழுமையாகப் பணியாற்றத் தொடங்கியது. 90 நாள்களுக்கெனப் படைக்கப்பட்ட அவ்வூர்தி, 2010ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள்வரை பூமியோடு பேசியது.

இரட்டையின் சிக்கல்

‘ஸ்பிரிட்’ மீண்ட மறுநாளே, ஜனவரி 25ஆம் நாள், ‘ஆப்பர்ச்சூனிட்டி’ செவ்வாயின் மறுபுறத்தில் தரையிறங்கியது. அதே மென்பொருள்; அதே பிழை அதனுள்ளும் உறைந்திருந்தது. ஒன்றில் கற்ற பாடத்தால் மற்றொன்று முன்கூட்டியே காக்கப்பட்டது.

ஆயினும் அதற்கு வேறொரு மின்சிக்கல் காத்திருந்தது. அதன் இயந்திரக் கையின் தோள்மூட்டை வெதுவெதுப்பாக வைக்கும் சூடேற்றி, அணைக்கும் கட்டளைக்குப் பணியவில்லை. குளிர்ந்த இரவுகளில் அது எரிந்து, ஆற்றலை வீணாக்கியது. சென்று சரிசெய்ய வழியில்லை. எனவே பொறியாளர்கள் ‘ஆழ்ந்த உறக்கம்’ என்னும் முறையை வகுத்தனர். இரவில் மின்கலங்களின் தொடர்பையே துண்டித்துவிட்டால் சூடேற்றிக்கும் மின்சாரம் செல்லாது. காலையில் சூரிய ஒளி தகடுகளில் படும்போது ஊர்தி தானே விழித்தெழும்.

இம்முறைக்கு ஒரு விலை இருந்தது. மற்றக் கருவிகளைக் குளிரிலிருந்து காக்கும் சூடேற்றிகளும் அவ்வேளையில் இயங்கா. வெப்பக் கதிர்களை ஆராயும் கருவி ஒன்று குளிரால் பழுதடையக்கூடும் என்பதை அறிந்தே அவர்கள் இம்முடிவை எடுத்தனர். எதைக் காப்பது, எதைப் பணயம் வைப்பது என்று எடைபோட்டுத் தேர்வதும் பொறியியலின் ஒரு பகுதியே. ‘ஆப்பர்ச்சூனிட்டி’ 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எழுந்த பெரும் புழுதிப்புயலில் அடங்கும்வரை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 45 கிலோமீட்டருக்கு மேல் செவ்வாய் மண்ணில் உருண்டது.

முடிவாக

கருவியின் திறனை அது செய்யும் வேலையைக் கொண்டே உலகம் மதிப்பிடுகிறது. வேலையற்ற நேரத்தில் அது எவ்வாறு இருக்கிறது என்பதை நோக்குபவர் சிலர். அச்சிலரின் உழைப்பால்தான் இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி நெஞ்சினுள் பல்லாண்டுகள் இயங்குகிறது. கைப்பேசி ஒரு நாள் முழுவதும் உடன்வருகிறது. தொலைதூரக் கோளில் ஓர் ஊர்தி இரவைக் கடந்து காலையில் கண்விழிக்கிறது. விடுபட்ட ஒரு வரி, திருப்பித் தரப்படாத ஒரு கல், சுருங்காத ஒரு பட்டியல் ஆகிய சிறியனவற்றைப் பொறுமையோடு தேடிக் காண்பதே அவர்தம் பணி. எடுத்ததைத் திருப்பி வைப்பதும், தோல்வியின் வழியையும் எண்ணிப் பார்ப்பதும், ஒருவர் தவற்றிலிருந்து அனைவரையும் காப்பதும் நிரலாளருக்கு மட்டுமன்றி நம் ஒவ்வொருவருக்கும் உரிய ஒழுக்கங்களே.

தெரிந்து தெளிவோம்

செவ்வாயின் ஒரு நாள், பூமியின் கணக்கில் 24 மணி 39 நிமிடம் 35 நொடி ஆகும். ‘ஸ்பிரிட்’ ஊர்தியின் சூரியத் தகடுகள் தொடக்கத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம், 140 வாட் வரை மின்திறன் தந்தன. வீட்டில் பயன்படும் இரண்டு மின்விசிறிகள் எடுத்துக்கொள்ளும் அளவே அது.

கலைச்சொல் அறிவோம்

உட்பொதி அமைப்பு – கருவியினுள் ஒரு குறிப்பிட்ட பணிக்காக வைக்கப்பட்ட கணினி
சாதன இயக்கி – செயலிக்கும் உறுப்புக்கும் இடையே நின்று உறுப்பை இயக்கும் மென்பொருள்
பயன்பாட்டு எண்ணி – ஓர் உறுப்பு எத்தனை இடங்களில் தேவைப்படுகிறது என்பதைக் காட்டும் எண்
பதிவகம் – உறுப்பின் அமைப்புகளைத் தாங்கும் சிற்றிட நினைவகம்
அழியா நினைவகம் – மின்சாரம் இல்லாதபோதும் தகவலைக் காக்கும் நினைவகம்

கற்பவை கற்றபின்...

1. வீட்டில் உள்ள மின்கருவிகளுள், பயன்படுத்தாதபோதும் மின்சாரம் எடுத்துக்கொள்பவை எவை எனப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.
2. பாடத்தில் உள்ள நீர்மட்டக் கருவி, மணிக்கு இருபது நொடிகள் விழித்திருந்தால் மின்கலம் எத்தனை நாள்கள் உழைக்கும் எனக் கணக்கிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பயன்பாட்டு எண்ணி சுழியமாகும்போது உறுப்பு
அ) பழுதடையும்  ஆ) உறங்கலாம்  இ) மீண்டும் தொடங்கும்  ஈ) விழித்தெழும்

2. ‘ஸ்பிரிட்’ ஊர்தி உறங்காமைக்கு அடிப்படைக் காரணம்
அ) சூரியத் தகடு உடைந்தமை  ஆ) சூடேற்றி பழுதடைந்தமை  இ) கோப்புப் பட்டியல் நினைவகத்தை நிரப்பியமை  ஈ) புழுதிப்புயல்

குறுவினா

1. சாதன இயக்கியின் பொறுப்புகள் யாவை?
2. உறங்கும்போது கிளை முதலிலும் தண்டு பின்னரும் உறங்க வேண்டும் என்பதன் காரணம் யாது?

சிறுவினா

1. கூழாங்கல் உவமை வழி லினக்சு இயக்கிகளில் நேர்ந்த பிழையை விளக்குக.
2. ‘ஆழ்ந்த உறக்கம்’ முறையால் விளைந்த நன்மையையும் அதற்குரிய விலையையும் எழுதுக.

நெடுவினா

1. மின் மேலாண்மைப் பிழையைத் தேடும் நெறியின் படிகளை எழுதி, அவற்றுள் எவை ‘ஸ்பிரிட்’ ஊர்தியை மீட்பதில் பயன்பட்டன என்பதைக் கட்டுரையாக்குக.